எழுதியவரே எடுத்த காலம்: லோயிஸ் வெபர்

கேள்வி இது: "மௌனப்பட காலத்து அமெரிக்காவில் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர், அன்றைய பெரும் இயக்குநர்களான கிரிஃபித்துக்கும் டிமில்லுக்கும் சமமாகப் பேசப்பட்டார் என்று படித்தேன். உலகின் முதல் பெண் இயக்குநர் இவர்தானா? அவ்வளவு பெரிய ஆள் என்றால் ஏன் பெயரே காதில் விழவில்லை? பிறகு என்ன ஆனார்?"

முதலில் ஒரு திருத்தம். உலகின் முதல் பெண் இயக்குநர் இவர் இல்லை. அந்த இடம் பிரான்சின் ஆலிஸ் கீக்கு உரியது. கோமோன் நிறுவனத்தில் செயலராக இருந்த அவர் 1896 வாக்கிலேயே படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் என்று வெபரைச் சொல்லலாம். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை 1914-இல் அவர் படமாக்கினார். அந்தப் படம் இன்று கிடைப்பதில்லை.

இந்த 'முதல்' பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு. வெபரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் முதலில் ஓர் எழுத்தாளர் என்பது அதில் அடிபட்டுப் போகிறது. தன் கதையைத் தானே எழுதி, தானே இயக்கி, பல நேரம் தானே நடித்து, படத்தொகுப்பு மேசையிலும் தானே உட்கார்ந்தவர் அவர். அப்படி ஒருவர் கையிலேயே எல்லாம் இருக்க முடிந்தவரை அவர் உயர்ந்தார். அது முடியாமல் போனபோது விழுந்தார். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்குச் சுருக்கமான விடை இதுதான். மீதியை விரிவாகச் சொல்கிறேன்.

1879 ஜூன் 13-இல் பென்சில்வேனியாவின் அலெகேனி நகரத்தில் பிறந்தார். பின்னாளில் பிட்ஸ்பர்க்கோடு இணைந்துவிட்ட ஊர் அது. பக்தி மிகுந்த குடும்பம். தந்தை நாற்காலி, சோபாக்களுக்கு உறை தைப்பவர், வீட்டு அலங்காரம் செய்பவர். மகளுக்குப் பியானோ நன்றாக வந்தது. பதின்ம வயதிலேயே ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தார். அது முடிந்த விதத்தைப் பிறகு அவரே சொல்லியிருக்கிறார். சார்ல்ஸ்டன் நகரத்துக் கச்சேரி ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கறுப்புக் கட்டை ஒன்று பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அந்தக் கட்டை இல்லை என்பதை மறந்து விரல் மீண்டும் மீண்டும் அங்கேயே போயிற்று. மனம் கலங்கிவிட்டது. வாசிப்பை முடிக்க முடியவில்லை. அதன் பிறகு கச்சேரி மேடையே ஏறவில்லை. ஒரு சின்னப் பொருள் மனிதரின் போக்கையே திருப்பிவிடும் என்பது இவருடைய சிறந்த படங்களில் திரும்பத் திரும்ப வரும். அதன் வேர் சார்ல்ஸ்டனில் இருக்கிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனாலும் அந்தச் சம்பவம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

பியானோவுக்கு அடுத்தது தெருமுனை. கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு ஒன்றில் சேர்ந்து, குடிசைப் பகுதிகளிலும் விலைமாதர் தெருக்களிலும் நின்று பக்திப் பாட்டுப் பாடினார், பிரசங்கம் செய்தார். மதுக்கடை வாசலில் நின்று பேசினால் எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை பேர் நகர்வார்கள் என்பதை நேரில் கற்றார். நாடகத் தொழிலுக்கு வந்ததும் அதே எண்ணத்தோடுதான். நாடகக்காரர்களைத் திருத்த ஒரு பிரசாரகர் தேவை, அவர்களில் ஒருவராகிவிடுவதே அதற்கு நல்ல வழி என்று ஒரு மாமா சொன்னாராம். யாரைத் திருத்தினார் என்று தெரியவில்லை. 1904-இல் சுற்றுப்பயண நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அதே குழுவில் இருந்த ஃபிலிப்ஸ் ஸ்மாலியை அந்த ஆண்டே மணந்துகொண்டார். ஸ்மாலி பெரிய இடத்துப் பிள்ளை. தந்தை புகழ்பெற்ற பத்திரிகையாளர். தாய், அடிமை ஒழிப்புப் போராளி வெண்டல் ஃபிலிப்ஸின் வளர்ப்பு மகள்.

சினிமாவுக்குள் வெபர் நுழைந்த கதவு சற்று வேடிக்கையானது. 1908 வாக்கில் கோமோனின் அமெரிக்கக் கிளை, கிராமஃபோன் தட்டோடு படத்தை இணைத்து ஓட்டும் 'குரோனோஃபோன்' குறும்படங்களை எடுத்துவந்தது. வெபர் அங்கே எழுதினார், பாடினார், நடித்தார். மௌனப்படத்தின் பெரிய பெயர்களில் ஒருவர் தொழிலைத் தொடங்கியது பேசும்படத்தில். பிறகு அவரும் கணவரும், 'கிரேட் டிரெயின் ராபரி' எடுத்த எட்வின் போர்ட்டர் தொடங்கிய ரெக்ஸ் நிறுவனத்துக்குப் போனார்கள். 1912-இல் ரெக்ஸ், கார்ல் லெம்லேயின் யுனிவர்சலுக்குள் அடங்கியது. போர்ட்டர் விலகிய பின் ரெக்ஸ் இந்தத் தம்பதியின் பொறுப்புக்கு வந்தது.

அந்தக் காலத்து வேலை எப்படி என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு படம் என்றால் ஒரு ரீல், சுமார் ஆயிரம் அடி, பத்துப் பதினைந்து நிமிடம். திரையரங்குகள் நாளுக்கொரு படம் கேட்டன. நிறுவனங்கள் வாரந்தோறும் படத்தை அனுப்பியாக வேண்டும். வாரத்துக்கு ஒரு கதை எழுதி, எடுத்து, வெட்டி ஒட்டி அனுப்பும் வேகத்தில் வெபர் வேலை செய்தார். விளம்பரங்களில் 'ஸ்மாலி தம்பதி' என்றே பெயர் வந்தது. கதையும் முடிவுகளும் பெரும்பாலும் மனைவியுடையவை என்பது உடன் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரக் கூலி எழுத்தில்தான் கை பழகியது. பள்ளிக்கூடம் ஏதும் இல்லை, பாடப் புத்தகமும் இல்லை. எந்தக் காட்சிக்கு எழுத்து அட்டை (மௌனப்படத்தில் வசனத்தை எழுதிக் காட்டும் அட்டை) வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத் திங்கட்கிழமை யோசித்து வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்துகொள்வதுதான் பாடம்.

அந்த ரெக்ஸ் நாட்களில் வந்தது 'சஸ்பென்ஸ்'. 1913-ஆம் ஆண்டு, பத்து நிமிடப் படம். ஒதுக்குப்புறமான வீடு. தனிமை பிடிக்காத வேலைக்காரி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, சாவியை வாசல் மிதியடியின் கீழ் செருகிவிட்டுப் போய்விடுகிறாள். உள்ளே கைக்குழந்தையோடு தாய். வேடம் கட்டியிருப்பது வெபரே. நாடோடி ஒருவன் வருகிறான், சாவியைக் கண்டெடுக்கிறான். தாய் அலுவலகத்திலிருக்கும் கணவனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். கணவன் தெருவில் நின்ற யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு பறக்கிறான். காரின் சொந்தக்காரர் போலீசோடு பின்னால் துரத்துகிறார்.

கதை புதிதில்லை. பிரெஞ்சு நாடகம் ஒன்றிலிருந்து கிளம்பிய இந்தக் கருவைக் கிரிஃபித் 1909-லேயே எடுத்திருந்தார். வெபர் செய்ததைப் பாருங்கள். தொலைபேசிக் காட்சியில் திரை மூன்று முக்கோணங்களாகப் பிரிகிறது. நடுவில் கணவன், ஒரு மூலையில் தாய், எதிர் மூலையில் மிதியடியைத் தூக்கிப் பார்க்கும் நாடோடி. அவள் என்ன சொல்கிறாள், அதைக் கேட்டு இவன் என்ன ஆகிறான், அதே நொடியில் அவன் என்ன செய்கிறான் என்பதெல்லாம் ஒரே படச்சட்டத்தில் தெரிகின்றன. அடுத்தடுத்து வெட்டிக் காட்டினால் 'அங்கே, இங்கே' என்று மாறி மாறி ஓட வேண்டும். வெபருக்கு 'அதே நேரத்தில்' என்ற சொல்தான் தேவைப்பட்டது, அதைப் படமாகவே எழுதிவிட்டார். தாய் மாடி ஜன்னலிலிருந்து குனிந்து பார்க்கிறாள். கீழே நிற்கும் நாடோடி தலையை மெல்லத் தூக்கி நேராக நம்மையே பார்க்கிறான். துரத்தி வருகிறவர்கள் இவன் காரின் பக்கக் கண்ணாடிக்குள் பிம்பமாகத் தெரிகிறார்கள். படம் வந்து நூறாண்டு கடந்துவிட்டது, அந்த மாடி ஜன்னல் காட்சியில் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

யுனிவர்சலில் இருந்தபோது அந்த நிறுவனத்தின் பட நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். நாட்டின் பெண்களுக்கெல்லாம் வாக்குரிமை வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. விளம்பரத்துக்கான பதவிதான் என்றாலும் பத்திரிகைகள் விரும்பி எழுதின. 1914-இல் யுனிவர்சல் நீண்ட படங்களுக்குத் தயங்கியதால் பாஸ்வொர்த் நிறுவனத்துக்குப் போனார். அங்கே வேலை கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பெயர் ஃபிரான்சஸ் மேரியன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

பாஸ்வொர்த்தில் எடுத்த 'ஹிப்போக்ரிட்ஸ்' 1915 தொடக்கத்தில் வெளியாகி ஊரைக் கலக்கியது. பெயருக்குப் 'பாசாங்குக்காரர்கள்' என்று பொருள். இடைக்காலத் துறவி ஒருவர் உண்மையைச் சிலையாக வடிக்கிறார். உண்மை ஆடையின்றி நிற்பதைக் கண்டு வெகுண்ட கூட்டம் அவரையே அடித்துக் கொல்கிறது. அதே நடிகர் இன்றைய காலத்துப் போதகராக வரும் பகுதியில், நிர்வாணமான உண்மை ஒரு பெண்ணுருவாகக் கண்ணாடியை ஏந்திக்கொண்டு அரசியல்வாதி வீட்டிலும் விருந்திலும் நுழைந்து அவரவர் முகத்தை அவரவருக்கே காட்டுகிறது. நெகட்டிவில் இரட்டைப் பதிவு செய்து அந்த உருவத்தைப் புகைபோல நடமாட விட்டிருக்கிறார். ஓஹாயோ மாநிலம் தடை செய்தது. ஃபிலிமின் ஒவ்வொரு படச்சட்டத்திலும் அந்த உருவத்துக்கு ஆடை வரையச் சொன்னாராம் பாஸ்டன் மேயர். படத்தின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடைத்திருக்காது.

என் கருத்து, 'ஹிப்போக்ரிட்ஸ்' பார்க்க வியப்பான படம், ஆனால் நல்ல எழுத்து இல்லை. தெருமுனைப் பிரசாரகர் அதில் நேராகப் பேசிவிடுகிறார். உண்மைக்கு உடலும் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினால் பார்ப்பவன் யோசிக்க என்ன மிச்சம்? இந்தப் பழக்கத்தோடு அவர் கடைசிவரை மல்லுக்கட்டினார். அந்த மல்லுக்கட்டில் அவர் வென்ற இடங்களே அவருடைய நல்ல படங்கள்.

1916 அவருடைய உச்ச ஆண்டு. மீண்டும் யுனிவர்சல். நாட்டிய மேதை அன்னா பாவ்லோவா முழுநீளக் கதைப்படத்தில் நடித்தது ஒரே முறைதான். அந்த 'டம் கேர்ல் ஆஃப் போர்ட்டிசி'யை இயக்கும் பொறுப்பு வெபருக்கு வந்தது. கூட்டம், கலகம், அரண்மனை என்று பணத்தை வாரி இறைத்த படம். அதே ஆண்டு இயக்குநர்கள் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினரானார். யுனிவர்சலில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் இயக்குநர் என்ற பேச்சும் அப்போதுதான் எழுந்தது.

அந்த ஆண்டு பெரும் கூட்டத்தை இழுத்தது 'வேர் ஆர் மை சில்ட்ரன்?'. கருத்தடை பற்றிய தகவலைத் தபாலில் அனுப்புவதே குற்றமாக இருந்த காலம் அது. கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர் மீது அதற்காக வழக்கு நடந்து ஓய்ந்திருந்தது. கருத்தடை நூல் எழுதிய மருத்துவர் ஒருவரை விசாரிக்கும் அரசு வழக்கறிஞரின் கதையை வெபர் எடுத்தார். வழக்கறிஞருக்குக் குழந்தை ஆசை. அவருடைய மனைவியோ விருந்துகளைக் கெடுத்துக்கொள்ள விரும்பாமல் ரகசியமாகக் கருக்கலைப்பு செய்துகொள்கிறவள். வேலைக்காரியின் மகள், அந்த மனைவி போகும் கருக்கலைப்பு மருத்துவரிடமே போய் உயிரை விடும்போது குட்டு வெளிப்படுகிறது. கடைசிக் காட்சியில் கணவனும் மனைவியும் கணப்பருகே மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிறக்காத குழந்தைகள் நிழலுருவாக வந்து அவர்களைச் சுற்றி விளையாடி மறைகிறார்கள்.

பென்சில்வேனியா தணிக்கைக் குழு தடை விதித்தது. அது செல்லுபடியாகக் காரணம் உண்டு. சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915-இல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு 1952 வரை நின்றது. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் அடியில் அன்று நாகரிகமாகக் கருதப்பட்ட இனமேம்பாட்டுக் கொள்கை ஓடுகிறது. ஏழைகள் குறைவாகப் பெற வேண்டும், வசதியானவர்கள் பெறாமல் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. வெபரைப் புரட்சியாளராக மட்டும் வரைகிறவர்கள் இந்தக் கணக்கைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு சாங்கரை நினைவூட்டும் பாத்திரத்தில் தானே நடித்து 'ஹேண்ட் தட் ராக்ஸ் த கிரேடில்' எடுத்தார். நியூயார்க்கில் அதற்குத் தடை. இன்று படமும் இல்லை.

இனி நான் வெகுநேரம் நின்றுபேச விரும்பும் படம். அதுவும் 1916. பெயர் 'ஷூஸ்'.

ஈவா மலிவு விலைக் கடையில் விற்பனைப் பெண். வாரச் சம்பளம் ஐந்து டாலர். அப்பா வேலை தேடாமல் கட்டிலில் படுத்து மலிவு நாவல் படிக்கிறார். அம்மா துணி வெளுக்கிறாள். மூன்று தங்கைகள். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் ஈவாவின் ஷூ அடியில் ஓட்டை. இரவு வீடு திரும்பியதும் காலைச் சுடுநீரில் வைக்கிறாள். பிறகு அட்டையைக் கத்தரித்து ஷூவுக்குள் செருகிக்கொள்கிறாள். கேமரா இதை அவசரப்படாமல் பார்க்கிறது. காலையில் புது அட்டை, மழை, ஊறிப்போன அட்டை, மறுபடி இரவு, மறுபடி கத்தரி. போகும் வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று டாலர் ஷூ. சம்பள நாளில் வாங்கித்தருகிறேன் என்று அம்மா சொல்கிறாள். சம்பளம் வருகிறது, வாடகை தின்றுவிடுகிறது.

சார்லி என்றொரு கேளிக்கை விடுதிக்காரன் அவளை முன்பே கண்வைத்திருக்கிறான். கடைசியில் ஒரு மாலை ஈவா விரிசல் விழுந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புகிறாள். மறுநாள் புது ஷூவோடு வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் காலைப் பார்க்கிறாள். கேட்க ஒன்றுமில்லை, இருவரும் அழுகிறார்கள். அதே நாளில் அப்பா வருகிறார், வேலை கிடைத்துவிட்டது என்கிறார்.

ஏழ்மையைப் பற்றிய அந்தக் காலப் படங்கள் பலவற்றில் ஒரு கொடியவன் இருப்பான், கடைசியில் அவனுக்கு அடி விழும். இங்கே சார்லியும் பெரிய கொடியவன் இல்லை. அவன் காத்திருந்தான், அவ்வளவுதான். அவளை அவனிடம் தள்ளியது அட்டை. சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸ் 1912-இல் எழுதிய நூலிலுள்ள ஒரு வரியிலிருந்து படம் தொடங்குகிறது. அதில் ஒரு ஜோடி ஷூவுக்காகத் தன்னை விற்ற பெண்ணைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. இதழில் வந்த சிறுகதை ஒன்றும் படத்துக்கு அடிப்படை. வெபர் இவற்றை எடுத்துக்கொண்டு செய்ததெல்லாம், காரணத்தைச் சொல்லாமல் பாதத்தைக் காட்டிக்கொண்டே இருந்ததுதான். பழைய பிரசாரகர் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கவே செய்கிறார். தூங்கும் ஈவாவின் மேல் 'வறுமை' என்று எழுதிய ஒரு ராட்சதக் கை நீள்கிறது. அந்தக் கையை மட்டும் நான் வெட்டி எறிந்திருப்பேன். அட்டையைக் கத்தரிக்கும் கை போதும்.

ஈவாவாக நடித்த மேரி மெக்லாரனுக்கு அப்போது பதின்ம வயதுதான். நடிப்பு அனுபவம் அதிகம் இல்லாத முகம். அந்த இறுக்கம் ஈவாவுக்குச் சரியாகப் பொருந்தியது. புது முகங்களைத் தேர்ந்தெடுப்பதில் வெபருக்குத் தனிக் கண் இருந்தது. பிறகு நடிகை கிளேர் வின்ட்சரைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

1917-இல் ஹாலிவுட்டின் சான்டா மோனிகா சாலையில் ஒரு பழைய பெரிய வீட்டையும் தோட்டத்தையும் பிடித்துத் தன் பெயரிலேயே ஸ்டுடியோ தொடங்கினார். தொழிற்சாலை நெடி இல்லாமல் வீடுபோல இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1920-இல் பாராமவுண்டோடு ஒப்பந்தம் வந்தது. படத்துக்கு 50,000 டாலர், லாபத்திலும் பங்கு. அந்தக் காலத்தில் ஒரு பெண் இயக்குநர் இத்தகைய கையெழுத்துப் போட்டது பெரிய செய்தி. ஆனால் அவர் எடுத்துக்கொடுத்தவை திருமண வாழ்க்கையின் புழுக்கங்களைப் பற்றிய அடக்கமான படங்கள். பளபளப்பு கேட்ட பாராமவுண்ட் சில படங்களிலேயே கைகழுவியது. அப்படி விடப்பட்ட படம் ஒன்றை வேறொரு சிறு நிறுவனம் 1921-இல் வெளியிட்டது. பெயர் 'த பிளாட்', கறை என்று பொருள். அவருடைய படங்களில் முதலிடம் இதற்கா 'ஷூஸ்'க்கா என்று எனக்கு இன்றும் தீரவில்லை.

கல்லூரிப் பேராசிரியர் கிரிக்ஸின் குடும்பம். படிப்பு இருக்கிறது, பணம் இல்லை. பக்கத்து வீட்டில் ஷூ செய்து பணம் சேர்த்த குடியேறிக் குடும்பம், அடுக்களை நிறையத் தின்பண்டம். பேராசிரியர் வீட்டுப் பூனை அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியில் இரை தேடுகிறது. பணக்கார மாணவன் ஒருவன் பேராசிரியரின் மகள் அமீலியாவைப் பார்க்க வருகிறான். உட்காரும் நாற்காலியின் உறை கிழிந்திருக்கிறது, கால் வைக்கும் கம்பளம் நூல்நூலாகப் பிரிந்திருக்கிறது. அவன் கண் அங்கே போவதை அந்த வீட்டு அம்மாள் பார்க்கிறாள். இந்த மூன்று பார்வைகளில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. உறை தைப்பவரின் மகள் எடுத்த படம் என்பதும் எனக்கு ஞாபகம் வரும்.

அமீலியா நோயில் விழுகிறாள், சத்தான உணவு வேண்டும் என்கிறார் மருத்துவர். கோழி வாங்க வழியில்லை. பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலோரம் கோழி ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது. அம்மாள் போகிறாள், தயங்குகிறாள், கையை நீட்டி எடுத்துவிடுகிறாள். பிறகு மனம் கேட்காமல் திருப்பி வைத்துவிடுகிறாள். மாடியிலிருந்து அமீலியா பார்க்கிறாள். எடுத்ததைப் பார்த்தவள், வைத்ததைப் பார்க்கவில்லை. இதை ஒரு துப்பறியும் கதைக்குரிய பரபரப்போடு எடுத்திருக்கிறார். 'சஸ்பென்ஸ்' மாடி ஜன்னல் எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. அன்று மேலிருந்து பார்த்தவள் கண்டது உள்ளே நுழையப் போகும் அந்நியனை. இன்று காண்பது திருடும் தாயை.

உண்மையான வீடுகளில், பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்த படம் அது. கடைசியில் அமீலியாவை விரும்பிய ஏழைப் போதகர் விடைபெற்றுக்கொண்டு தெருவில் தனியே நடந்து போகிறார். பணக்கார மாணவன்தான் பொருத்தம் என்று கதை முடிவு கட்டியாயிற்று. கேமரா மட்டும் போகிறவரையே பார்க்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பேசும்படம் வந்ததால் வெபர் விழுந்தார் என்று சிலர் எழுதுவார்கள். ஆண்டுகளைப் பார்த்தால் அது பொருந்தாது. சறுக்கல் 1921-லேயே தொடங்கிவிட்டது. காரணங்களில் முதலாவது கடைவீதி. படம் எடுப்பவர்களே திரையரங்குகளையும் வாங்கத் தொடங்கினார்கள். தனி ஸ்டுடியோ வைத்திருப்பவர் படத்தை எடுத்துவிடலாம், ஓட்ட இடம் கிடைக்காது. வங்கிப் பணம் உள்ளே வந்ததும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கதை ஒருவர், திரைக்கதை இன்னொருவர், தொகுப்பு வேறொருவர், எல்லோர் தலைக்கும் மேல் ஒரு மேற்பார்வையாளர். ஒரே கையில் எல்லாவற்றையும் வைத்துப் பழகிய ஒருவருக்கு அந்த அமைப்பில் இடம் எது? யுனிவர்சலில் 1910-களில் ஐடா மே பார்க், கிளியோ மாடிசன், ரூத் ஆன் பால்ட்வின் என்று பல பெண்கள் இயக்கினார்கள். பத்தாண்டில் அந்த வரிசையே காணாமல் போயிற்று. ஆகவே இது வெபர் ஒருவருடைய சோகம் மட்டும் இல்லை.

அவர் பக்கத்திலும் குறை உண்டு. போருக்குப் பிந்தைய ரசிகர்கள் ஜாஸ் கேட்டு ஆடியபோது அவர் திருமணக் கடமை பற்றிப் பேசினார். விட்டுக்கொடுக்கவும் தெரியவில்லை. 1922-இல் ஸ்மாலியோடு மணமுறிவு. மனமும் உடலும் தளர்ந்தன. 1926-இல் மறுமணம், அதே ஆண்டு யுனிவர்சலுக்குத் திரும்பி 'மேரேஜ் கிளாஸ்' (திருமணம் பற்றிய ஒப்பந்த விதி என்று பொருள்). அது பில்லி டவ் என்ற நடிகைக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு இரண்டு படங்கள். பிறகு நீண்ட இடைவெளி. 1930-களின் தொடக்கத்தில், ஒருகாலத்தில் தான் மேயராக இருந்த அதே யுனிவர்சலில் புதுமுகங்களுக்கு நடிப்புச் சோதனை எடுக்கும் வேலை. 1934-இல் ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டப் பின்னணியில் 'ஒயிட் ஹீட்' எடுத்தார். அது ஒன்றுதான் அவருடைய பேசும்படம். அதுவும் இன்று இல்லை.

1939 நவம்பர் 13-இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். கையில் காசில்லை. இறுதிச் சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டவர் ஃபிரான்சஸ் மேரியன். 1914-இல் வெபர் சேர்த்துக்கொண்ட அந்த உதவியாளர் அதற்குள் எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கியிருந்தார். எழுத்தையும் இயக்கத்தையும் பிரித்துவிட்ட ஹாலிவுட்டில் அவர் எழுத்தின் பக்கம் நின்றார், பிழைத்தார்.

பெயர் காதில் விழாததற்கு வேறு ஒரு எளிய காரணமும் இருக்கிறது. படங்களே இல்லை. நூற்றுக்கும் மேல் எடுத்தவரின் படங்களில் இன்று மிஞ்சியவை சிறு பகுதிதான். நைட்ரேட் ஃபிலிம் தானே பொடிந்துபோகும், தீப்பிடிக்கும். போதாததற்கு 1948-இல் யுனிவர்சல் தன்னிடமிருந்த மௌனப்படப் பிரதிகளைப் பயனற்றவை என்று அழித்தது. பார்க்க முடியாத படத்தை யார் பேசுவார்கள்? 1970-களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் தேடத் தொடங்கியபின்தான் ஒவ்வொன்றாக மேலே வந்தன. 'ஷூஸ்' நெதர்லாந்துத் திரைப்பட அருங்காட்சியகத்தின் முயற்சியால் மீட்கப்பட்டு, 2014-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. 'சஸ்பென்ஸ்' 2020-இல் சேர்ந்தது.

பார்க்க நினைத்தால் 'சஸ்பென்ஸ்' முதலில். பத்து நிமிடம்தான், காப்புரிமை தீர்ந்ததால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. பிறகு 'ஷூஸ்', பிறகு 'த பிளாட்'. 'ஹிப்போக்ரிட்ஸ்' கடைசியில் போதும். தெளிவில்லாத நகல்களும் நிறைய உலவுகின்றன, மீட்கப்பட்ட பிரதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நகல்களில் யாரோ பொருத்தமில்லாத பியானோவை ஒட்டியிருப்பார்கள், ஒலியை நிறுத்திவிட்டே பாருங்கள். 'ஷூஸ்' ஓடும்போது சில இடங்களில் படம் முழுக்கப் பூஞ்சை பூத்ததுபோல வெள்ளைத் திட்டுகள் வந்து போகும். நைட்ரேட் அரித்த இடங்கள் அவை. ஈவாவின் பாதம் அந்தத் திட்டுகளுக்கு நடுவிலும் தெரியும்.